மூன்றாம் எண் மைக்

ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குத் திங்கட்கிழமை.
ஜுபைலில் வாரம் அப்படித்தான் தொடங்கும்,
வெள்ளிக்கிழமைக் குழம்பின் வாசம் போகாத
டிபன் பாக்ஸோடு.

பள்ளி விழா வாரம். ஐந்து நாள், நாலு மைக்.
நாலும் என் பொறுப்பு.
ஹெப்சிபா, பதினொன்று பி என்று
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
ஒன்றுக்கு இருமல்.
இரண்டுக்கு மூடி இல்லை, ரப்பர் பேண்ட்.
நான்கு எப்போதும் இரையும்.
மூன்றாம் எண்தான் நல்ல மைக்.
அதைப் பேசுகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பேன்.

முதல் நாள் அறிவியல் கண்காட்சி.
கடல்நீரைக் குடிநீராக்கும் மாதிரியை
ஏழு பேர் கொண்டுவந்திருந்தார்கள்.
ஏழு அப்பாக்களுக்கும் ஒரே பிளாண்டில் வேலை.
ஆறு மாதிரி ஒழுகியது.
ஏழாவதில் சொட்டிய நீரை
நஸ்ரீன் மிஸ் ஒரு வாய் குடித்துக் காட்டினார்
முகம் சுளிக்காமல்.
பரிசை அந்த முகத்துக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

திங்கள், பூ விற்காத ஊரில் பூக்கோலப் போட்டி.
உப்பில் சாயம். பருப்பில் இதழ்.

செவ்வாய் முழுக்கப் புழுதி.
டீத்தூள் நிற வானம். விடுமுறை.

புதன்கிழமை தமிழ்ப் பேச்சு.
அரங்கில் அறுநூறு பேர்.
தமிழ் தெரிந்தவர்கள் நாற்பது.
போட்டியாளர் மூவர், பரிசும் மூன்று.

இரண்டாவதாக ஜுலைஹா.
தலைப்பு, பத்தாண்டுக்குப் பின் நான்.
திரையோரம் நின்று மைக்கைக் கையில் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு
என் காதில்தான் சொன்னாள்:
"வாப்பாக்கு எக்சிட் அடிச்சாச்சு, ஹெப்சி.
பதினாலாந் தேதி டிக்கெட்டு."
அவள் வாய்க்கும் என் காதுக்கும் நடுவே
மூன்றாம் எண் மைக்,
பச்சை விளக்கு எரிந்தபடி.

எட்டு ஸ்பீக்கரும் சொன்னது.

வாப்பா புரியாதவர்கள் இருந்தார்கள்.
அடிச்சாச்சு புரியாதவர்கள் நிறைய.
எக்சிட் புரியாத ஒருத்திகூட
அந்த அரங்கில் இல்லை.
ஹைதராபாத்காரிகள், கோழிக்கோட்டுக்காரிகள்,
நேற்று வந்து சேர்ந்த பாட்னா பெண்,
எல்லார் பேச்சும் ஒரே நேரத்தில் நின்றது.
ஓரிருவர் தலை தானாகத் திரும்பி
கதவுக்கு மேலே எரியும்
பச்சைப் பலகையைப் பார்த்தது.

அவள் நடந்து போய் நின்றாள்.
நான்கு நிமிடம். ஒரு சொல் பிசகவில்லை.
கடல் உயிரியல் படிப்பேன் என்றாள்.
படகில் போய்க் கடற்பசுக்களை எண்ணுவேன் என்றாள்.
இந்தக் கடலில் என்று எழுதிவைத்திருந்ததை
இந்தக் கடலில் என்றே சொன்னாள்.

மூன்றாம் பரிசு.
கையசைவு போதாது என்றார் அல்போன்சா மிஸ்.

அன்று மாலை பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.
நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.
பாதி சமோசாவைப் பிய்த்துக் கொடுத்தாள்.

வியாழன் விளையாட்டு நாள்.
பெண்கள் பிரிவு. அப்பாக்கள் மதிலுக்கு வெளியே,
ஏசி ஓடும் கார்களில்.
ஜுலைஹா வீட்டுக் கார் போன வாரமே விற்றாயிற்று.
மதில் நிழலில் ஒருவர்
குடையில்லாமல் நிற்பார் என்று தெரியும்.

காலையில் முதல் ஆளாக வந்து
இரண்டு ஸ்பீக்கரை
மதில் பக்கம் திருப்பி வைத்தேன்.

தொடர் ஓட்டம். வர்ணனை நான்.
அணியின் நிறம் மட்டும், பெயர் கூடாது
என்பது உத்தரவு.
நீலம் முன்னே, சிவப்பு ஒட்டி வருகிறது,
பச்சை, மஞ்சள், மஞ்சள் என்று வந்தவள்
மூன்றாவது வளைவில்
"ஜுலைஹா" என்றேன்.
மிஸ் திரும்பிப் பார்த்தார்.
"ஜுலைஹா, இரண்டு பேரைத் தாண்டிவிட்டாள்,
ஜுலைஹா."

நாலாவது பெண் கோலை நழுவவிட்டாள்.
அதை நான் சொல்லவில்லை.

மாலையில் நாலு மைக்கையும் ஒப்படைத்தேன்.
பதிவேட்டில் பழுது என்று ஒரு கட்டம்.
புதன்கிழமை என்ன ஆச்சு என்றார் நஸ்ரீன் மிஸ்.
எண் மூன்று, ஸ்விட்ச் சரியில்லை என்று எழுதினேன்.
மிஸ் அதைக் கையில் எடுத்து
ஆன் செய்தார். ஆஃப் செய்தார்.
இன்னொரு தடவை.
டக். டக்.
ஒன்றும் கேட்காமல் பெட்டியில் வைத்து மூடினார்.